கழுத்து நாள்

நெடுங்குறிச்சியில் யார் மேலாவது வெட்டு விழப்போகிறது என்றால், அது முதலில் பீடி சுற்றும் முத்துப்பேச்சியின் உடம்பில் தடித்தது. தோளில் விழப்போகிற வெட்டு அவள் தோளிலும், தொடையில் விழப்போகிற வெட்டு அவள் தொடையிலும், சாட்டை பட்டது போலச் சிவந்து, நாலு விரல்கடை நீளத்துக்குப் புடைத்து, சுற்றிலும் பொடிப்பொடியாகக் கிளம்பி, சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம் கட்டும் வரை விடாத அரிப்பாக எழுந்தது. காலையில் எழுந்தால் பொழுது சாய்வதற்குள் வெட்டு விழும். சாயங்காலம் எழுந்தால் மறுநாள் வெயில் ஏறுவதற்குள் விழும். எந்த இடத்தில் என்பது தெரியும். யாருக்கு என்பது மட்டும் தெரியாது.

வெட்டுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. வடக்கு வீட்டாரும் தெற்கு வீட்டாரும் ஒரே தாத்தாவின் பேரன்மார்தான். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வெட்டிய கிடாயின் தலை எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு வருடம் பேச்சு வந்து, பேச்சு கைகலப்பாகி, கிடாயின் தலை பூசாரியின் கையிலிருந்து நழுவித் தரையில் கிடக்க, அதன் பக்கத்திலேயே வடக்கு வீட்டுப் பெரியவரின் தலையும் கிடந்தது. அதிலிருந்து இவர்கள் ஒருவரை வெட்டினால் அவர்கள் ஒருவரை வெட்டினார்கள். வாழைக்குள் தண்ணீர் பாய்ச்சப் போனவனை வெட்டினார்கள், சலூனில் கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவனை வெட்டினார்கள், பெண் பார்த்துவிட்டுப் புதுச்சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவனின் மணிக்கட்டை வெட்ட, கை தனியாக ரோட்டோரம் விழுந்து, அதில் கட்டியிருந்த கடிகாரம் போலீஸ் வந்து எடுக்கும் வரை ஓடிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி இரண்டு வீட்டுக்கும் சேராதவள். கிணறு தோண்ட வந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தவள். அவன் கிணற்றுக்குள் விழுந்து செத்த பிறகும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கி, முறத்தை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் போட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். எந்தப் பக்கமும் சேராதவள் என்பதால் இரண்டு பக்கமும் அவள் உடம்பை நம்பியது.

இது ஏன் அவளுக்கு வந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. வந்துவிட்டது, அதை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்தார்கள். காலையும் மாலையும் அவள் வீட்டு வாசலில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டுவார்கள். உள்ளே தெற்கு வீட்டின் சார்பில் அடுத்த வீட்டு இசக்கியம்மாளும், வடக்கு வீட்டின் சார்பில் ஒருத்தியும் நின்று, முத்துப்பேச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வெளியே இரண்டு வீட்டு ஆண்களும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். இசக்கியம்மாள் விரலால் அளந்து, வடக்கு வீட்டுக்காரி தலையசைத்த பிறகு, பதனீர் விற்கும் குரலில் கூவுவாள்.

“எடது தோளு! நாலு விரக்கடை! கொஞ்சம் முதுகுப்பக்கம் சரிஞ்சிருக்கு!”

உடனே ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இடது தோளில் பழைய சைக்கிள் டயரை மடித்து வைத்துக் கட்டிக்கொள்வார்கள். வாத்தியார் கட்டிக்கொள்வார், பால்காரர் கட்டிக்கொள்வார், மின்சாரக் கணக்கெடுக்க வெளியூரிலிருந்து வருகிறவருக்கும் இரக்கப்பட்டு யாராவது ஒன்றைக் கட்டிவிடுவார்கள். நாட்களுக்குக் கிழமைப் பெயர் போய், தோள் நாள், தொடை நாள், கை நாள், கழுத்து நாள் என்று பெயர் வந்தது. கழுத்து நாளில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கழுத்து நாளில் பிறந்த பிள்ளைக்கு முதல் நகையாகக் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் சோசியரைப் பார்ப்பதற்கு முன்னால் முத்துப்பேச்சிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார்கள்.

வெட்டுகிறவர்களும் அந்தக் கூவலைக் கேட்டார்கள். தோள் என்று கேட்டதும் இடத்தை மாற்ற நினைப்பார்கள். அவர்கள் நினைப்பு மாறியதும் தடிப்பு இடம் மாறும். ஒரு தடவை அது காலையில் தோளில் எழுந்து, பத்து மணிக்குக் கழுத்துக்கு நகர்ந்து, மத்தியானம் இடுப்புக்கு இறங்கி, முத்துப்பேச்சி தரையில் உருண்டு சுவரில் முதுகைத் தேய்த்துக் கதற, வெளியே ஊர் முழுக்க டயரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக ஓடியது. சாயங்காலம் தடிப்பு முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றபோது ஒருவருக்கும் டயர் மிச்சமில்லை. அன்று ஒருவன் ஒற்றைக் காலோடு பிழைத்தான். மற்றக் காலை நாய் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள், “இன்னும் அரை மணிக்கூறு முன்ன சொல்லியிருந்தா டவுனுல போயி டயர் வாங்கியிருக்கலாம்” என்று முத்துப்பேச்சியைத்தான் குறை சொன்னார்கள்.

அவள் அரிப்பை யாரும் கேட்கவில்லை. படுத்தால் பாயே முள்ளாக இருந்தது. தூக்கம் என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. முதல் வருடம் அவளாகவே குப்பைமேனி இலையைப் பறித்து மஞ்சளோடு அரைத்துப் பூசினாள். கத்தரிக்காயும் கருவாடும் தொடாமல் பத்தியம் இருந்தாள். தடிப்பு வெளிறிப்போய்க் கோடு மங்கியது. மங்கிய கோட்டைப் பார்த்து இசக்கியம்மாள் மேல்கை என்று கூவ, வெட்டு தோளில் விழுந்தது. ஊர் கூடியது. தெற்கு வீட்டு வெள்ளத்துரைதான் அப்போது ஊர்த்தலைவர். பனைமரம் போல உயரம், மடியில் எப்போதும் ஒரு அரிவாள்.

“தங்கச்சி, ஒனக்கு ஒரு ஒடம்பு. ஊருக்கு எத்தன ஒடம்பு? மருந்து கிருந்துன்னு அத அணைச்சுப் போட்டுராத” என்றார்.

“ராத்திரி ஒரு பொட்டுத் தூங்க முடியல அண்ணாச்சி.”

“இங்க எவன் தூங்குதான்?” என்று வடக்கு வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மறுநாள் இரண்டு வீட்டுப் பெண்களும் இறங்கி, ஊர் எல்லைக்குள் இருந்த குப்பைமேனிச் செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்தார்கள். வேப்பமரங்களைக் கைக்கெட்டும் உயரம் வரை கழித்துவிட்டார்கள். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றக்கூடாது என்று கண்டக்டருக்குச் சொல்லி வைத்தார்கள். அதன் பிறகு அவள் வாயைக் கட்டிப் பத்தியம் மட்டும் இருந்து பார்த்தாள். கத்தரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள், மீனையே விட்டாள், கஞ்சியும் உப்பும் தவிர எல்லாவற்றையும் விட்டாள். தடிப்பு முன்னைவிடச் சிவப்பாக, முன்னைவிட உயரமாக எழுந்தது.

இசக்கியம்மாள் ஒருத்திதான் அவளுக்கு ஆறுதல். வயதில் மூத்தவள், தெற்கு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் ஒரு கழுத்து நாளில், வெயில் தாங்காமல், குளிக்கும் நேரத்துக்கு மட்டும் டயரைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மாதம் யாரும் இறைக்கவில்லை. மிச்சமிருப்பது மாசானம் என்ற ஒரே மகன். மகனுக்கு மீசை அரும்பியதிலிருந்து இசக்கியம்மாள் முத்துப்பேச்சியை விட்டு நகர்ந்ததில்லை. விசிறிவிடுவாள், முதுகை ஊதிவிடுவாள், கஞ்சி காய்ச்சித் தருவாள், உப்பு தீர்ந்தால் தன் வீட்டிலிருந்து ஜாடி நிறையக் கொண்டுவந்து வைப்பாள்.

ஒரு நாள் காலையில் பீடிக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி அடுப்படியில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தெருப்பூனை ஒன்று உப்புஜாடியைத் தள்ளி, சிந்திய உப்பை நக்கிக்கொண்டிருந்தது. துரத்தினால் போகவில்லை, சீறிவிட்டு மறுபடியும் நக்கியது. உப்பைத் தின்கிற பூனையை அவள் பார்த்ததில்லை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நெத்திலிக் கருவாட்டை வறுத்து, மாவாக இடித்து, உப்போடு உப்பாகக் கலந்திருந்தது.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

“மைனி, இது என்ன?”

இசக்கியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியைப் பார்த்தாள். கையைக் கழுவவில்லை.

“தெரிஞ்சிட்டா?”

“எத்தன வருசமா மைனி?”

“குப்பைமேனியப் புடுங்கி எரிச்சோம்லா, அந்த மாசத்துலருந்து.”

“தோலு உரிஞ்சு கெடந்தேன். நீயில்லா ஊதிவிட்ட.”

“ஊதிவிட்டேன். அதும் நான்தான், இதும் நான்தான்.” இசக்கியம்மாள் எழுந்தாள். “ஒனக்கு அரிப்பு போகும், வரும். எனக்குப் போனா வருமா ஏட்டி? எம் பயலுக்குக் கழுத்து ஒண்ணுதானே இருக்கு?”

முத்துப்பேச்சி ஜாடியை அவள் முகத்தில் எறிந்தாள். ஜாடி நெற்றியில் பட்டு உடைந்தது. புருவத்திலிருந்து ரத்தம் உப்பின் வழியாக இறங்க, எரிச்சல் தாங்காமல் இசக்கியம்மாள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. முத்துப்பேச்சி நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பவில்லை. சிறுவாடாக முடிந்து வைத்திருந்த காசு முந்தானையில் இருந்தது. ஊருக்குள் நிற்கிற பஸ்ஸுக்குப் போகாமல், உடைமரக்காட்டைக் குறுக்கே கடந்து, பெரிய ரோட்டில் ஏறி, தன்னை யாரென்றே தெரியாத ஒரு கண்டக்டரின் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். பஸ் கிளம்பும்போது பின்படியில் ஒருத்தி தொற்றி ஏறினாள். முகமெல்லாம் உப்பும் ரத்தமுமாக இசக்கியம்மாள்.

“எறங்குட்டி.”

“எறங்க மாட்டேன்.”

“பேச்சி, எம் புள்ள வாழைக்குள்ள நிக்கான். எறங்கு.”

“நிக்கட்டும்.”

அந்த நேரத்தில்தான் அது எழுந்தது. முத்துப்பேச்சி கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டின் கம்பியில் மோதினாள். வலது காதுக்குக் கீழே தொடங்கி, தொண்டைக்குழியைத் தாண்டி, இடது காது வரை, இதுவரை எழுந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி, கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கோடு புடைத்து நின்றது. இசக்கியம்மாள் பார்த்தாள். அளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

“கழுத்து” என்றாள், வழக்கமாகக் கூவுகிற அதே வார்த்தையைக் காற்று இல்லாத குரலில். “ஊருல யாருக்கும் தெரியாதே. இன்னிக்கு எவனும் டயர் கட்டலயே.”

அவள் முத்துப்பேச்சியின் கூந்தலைப் பற்றி இழுத்தாள். முத்துப்பேச்சி சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். இழுத்த இழுப்பில் ஒரு கொத்து முடி தோலோடு கையில் வந்தது. முத்துப்பேச்சி அந்தக் கையைப் பிடித்துக் கடித்தாள். பல் எலும்பில் தட்டும் வரை கடித்தாள். கூடைக்காரிகள் இருவரையும் பிரிக்கப் பார்த்து அடி வாங்கினார்கள்.

“சண்டைய எறங்கிப் போடுங்கம்மா! ரெண்டு டிக்கெட்டா, ஒரு டிக்கெட்டா?” என்று கண்டக்டர் கத்தினார்.

“ரெண்டு” என்றாள் முத்துப்பேச்சி, வாயிலிருந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. “டவுன் பெரியாஸ்பத்திரிக்கு.”

இசக்கியம்மாள் இறங்கியிருக்கலாம். இறங்கி என்ன செய்வது? நடந்து போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். கையில் போன் இருக்கிற காலமும் அல்ல. அந்தக் கோட்டை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோடு இருக்கும் வரை வெட்டு விழவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆஸ்பத்திரி வரைக்கும், கடிபட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, முத்துப்பேச்சியின் கழுத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

தோல் பிரிவில் கூட்டம். சிமெண்ட் வேலைக்காரர்கள், சலவைக்காரர்கள், தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிய ஒரு மாப்பிள்ளை. அங்கே இருந்த டாக்டரம்மா ஜெபமலர் குட்டையானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தவர். முத்துப்பேச்சியின் கழுத்தைப் பார்த்ததும் வரிசையை நிறுத்திவிட்டு அவளை முதலில் உட்கார வைத்தார்.

“எதனால வருது?”

“ஊருல யாரையாவது வெட்டப்போனா வரும்மா.”

டாக்டரம்மா தலையசைத்தார். “எத்தனை வருஷமா?”

“ஏழு.”

“வலிக்குதா, அரிக்குதா?”

முத்துப்பேச்சி டாக்டரம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். ஏழு வருடத்தில் எத்தனையோ பேர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு நீளம் என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, “அரிக்கும்மா. எரியவும் செய்யும். தூங்கமுடியாது” என்றாள்.

“இத்தனை நாள் வராம இருந்தா எப்படி? வாங்க, ஊசி போட்டுருவோம்.”

இசக்கியம்மாள் பாய்ந்து டாக்டரம்மாவின் காலைப் பிடித்தாள். “போடாதீங்க தாயி! அது அமந்துட்டுன்னா எம் பயலு செத்துருவான். ஊருக்குச் சொல்ல ஒரு வழியில்லாமப் போயிரும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் விடுங்க.”

டாக்டரம்மா குனிந்து அவள் முகத்தையும் கையையும் பார்த்தார். “இந்தப் புருவத்துக்குத் தையல் போடணும். கை பல்லு பட்டது, அதுக்கும் ஊசி உண்டு. நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க” என்றார். இரண்டு ஆயாக்கள் இசக்கியம்மாளைப் பிடித்துக்கொள்ள, ஊசி முத்துப்பேச்சியின் நரம்பில் ஏறியது. நர்ஸ் குளிர்ந்த துணியை நனைத்துக் கழுத்தில் சுற்றினாள்.

கோடு ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கியது. காதுப்பக்கம் முதலில் போனது, பிறகு தாடைக்குக் கீழே. தொண்டைக்குழியில் ஒரு விரல்கடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. இசக்கியம்மாள் பெஞ்சில் இருந்தபடி மார்பில் அறைந்துகொண்டு மகனுக்கு ஒப்பாரி வைத்தாள். பெற்ற கதையையும் பால் கொடுத்த கதையையும் சொல்லி அழுதாள். தையல் போட வந்தவருக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் அந்த ஒரு விரல்கடையும் போய், முத்துப்பேச்சியின் கழுத்து கழுவி வைத்த வெண்கலம் போல இருந்தது.

மத்தியான பஸ்ஸில் திரும்பினார்கள். ஊர் முக்கில் கூட்டம் நின்றது. இசக்கியம்மாள் படியிலிருந்தே விழுந்து, எழுந்து, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நடுவில் மாசானம் உட்கார்ந்திருந்தான், கழுத்தும் தலையும் சேர்ந்தே. அவனுக்கு எதிரே வடக்கு வீட்டுக் கொம்பையா உட்கார்ந்திருந்தான். இருவரும் உள்ளங்கைகளை வேலிக்கருவையின் பட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை முழுக்க ரத்தம்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிய அதே நேரத்தில் இங்கே நடந்தது இதுதான். வாழைத்தோப்பில் குனிந்து நின்ற மாசானத்தைப் பின்னாலிருந்து பிடித்து, தலைமுடியைப் பற்றிக் கழுத்தை நிமிர்த்தி, கொம்பையா அரிவாளை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவேண்டிய நேரத்தில் உள்ளங்கை அரித்தது. கையை மாற்றினான், மற்றக் கையும் அரித்தது. தாங்கமுடியாமல் அரிவாளைப் போட்டுவிட்டுச் சொறிந்தான். மாசானம் திமிறி எழுந்து, கிடந்த அரிவாளை எடுத்து அவனை வெட்டப்போனான். அவனுக்கும் அரித்தது.

ஊர் அதையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. தேங்காய் வெட்டும்போதும், கருவை விறகு தறிக்கும்போதும் அரிக்கவில்லை. ஆளை நினைத்துக்கொண்டு பிடியைத் தொட்டால் மட்டும் அரித்தது. பிடியில் கயிறு சுற்றிப் பார்த்தார்கள், துணி சுற்றிப் பார்த்தார்கள், இருக்கிற டயரையெல்லாம் அறுத்துக் கையுறை தைத்துப் பார்த்தார்கள். வெள்ளத்துரை, தன்னை ஒரு அரிப்பு ஜெயிப்பதா என்று, வடக்கு வீட்டு வாசலைப் பார்த்து நின்றுகொண்டு அரிவாளை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பொழுது முழுவதும் விடாமல் இருந்தார். சாயங்காலம் கையைப் பிரித்தபோது உள்ளங்கைத் தோல் பிடியோடு போய்விட்டது.

மறுவாரம் முத்துப்பேச்சி இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது பஸ்ஸில் இடமில்லை. வடக்கு வீடும் தெற்கு வீடும் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வேறு பஸ் இல்லாததால், ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் தோளில் ஒருத்தன் இடித்துவிட்டால் இருவரும் முறைத்தார்கள். முறைத்ததும் இருவருக்கும் அரித்தது.

தோல் பிரிவில் டாக்டரம்மா வெள்ளத்துரையின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எதைத் தொட்டா வருது?”

வெள்ளத்துரை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வரிசை முழுவதும் வேறு வேறு சுவர்களைப் பார்த்தது.

“சொல்லுங்க அண்ணாச்சி, கேக்காங்கல்லா” என்றது பெண்கள் பெஞ்சிலிருந்து முத்துப்பேச்சியின் குரல். “நீளம் வேணும்னா நான் அளந்து சொல்லுதேன்.”

“அருவா தாயி” என்றார் வெள்ளத்துரை.

“அப்ப அதைத் தொடாதீங்க. களிம்பு தரேன், காலையில, ராத்திரி. கை காயட்டும்.”

“தொடாம எப்படிம்மா? எங்க அப்பா கையில இருந்தது. எங்களுக்கு வேற என்ன தெரியும்?”

“முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கொம்பையாவின் கையை எடுத்தார்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகப் பீடித்தூளைத் தொடாமல், மாத்திரையும் கலப்பில்லாத உப்புமாக இருந்த முத்துப்பேச்சி, சுவரில் சாய்ந்தாள், சரிந்தாள், பெஞ்சிலேயே காலை மடக்கிப் படுத்துத் தூங்கிப்போனாள். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் தையல் பிரிக்க வந்த இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக முத்துப்பேச்சி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொண்டுவந்து வைத்த எதையும் தொடவில்லை. முந்தானை விலகித் தெரிந்த அந்த முதுகை இசக்கியம்மாள் பழக்கத்தில் ஒரு தடவை முழுவதும் பார்த்தாள். சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. முந்தானையை இழுத்து மூடிவிட்டாள்.

“முத்துப்பேச்சி! யாரு முத்துப்பேச்சி?” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

ஊர் ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் தையல் போட்ட புருவத்தோடு எழுந்து, படுத்திருந்தவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஏழு வருடம் ஊருக்குக் கூவிய குரலை நர்ஸுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறக்கிச் சொன்னாள்.

“அவளக் கூப்பிடாதீங்கம்மா. இவனுகள முழுக்கப் பாத்து முடிங்க. அவ தூங்கட்டும்.”